ஒரே குரூப் ரத்தம்தானே, ஏன் காக்க வைக்கிறார்கள்?

எங்கள் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடு இறக்கும்போது யாருக்காவது பெரிய காயம் பட்டால், ரத்தம் கொடுக்கப் பையன்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். போன இடத்தில் கோபமும் வரும். "அவனும் ஓ குரூப்பு, நானும் ஓ குரூப்பு. அப்பால இன்னா சார் டெஸ்ட்டு?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இலக்கண வகுப்பில் 'கொம்ப்ளெமான்' என்று ஒரு சொல் வரும். வினை சொல்லாமல் விட்டதை நிறைவு செய்வது அது. ரத்தத்திலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது.

1898-ல் பாரீஸ் பாஸ்தர் நிறுவனத்தில் ழூல் போர்தே என்ற பெல்ஜியக்காரர், கினிப்பன்றிக்கு முயல் ரத்தத்தை ஊசி மூலம் செலுத்தினார். பிறகு அந்தக் கினிப்பன்றியின் சீரம் முயலின் சிவப்பணுக்களைக் கரைத்தது. சீரத்தை 55 டிகிரியில் அரை மணி சூடாக்கினார். கரைக்கும் சக்தி போயிற்று. ஊசி போடாத விலங்கின் புதுச் சீரத்தைச் சேர்த்தார்; சக்தி திரும்பியது. ஆக, இது இரண்டு பேர் செய்யும் வேலை. சூடு தாங்கும் எதிர்ப்பொருள் அணுவின்மேல் ஒட்டி அடையாளம் வைக்கிறது. சூடு தாங்காத காம்ப்ளிமென்ட் வந்து ஓட்டை போடுகிறது. 1919-க்கான நோபல் பரிசு போர்தேக்குக் கிடைத்தது.

குமாஸ்தா பாஷையில் சொன்னால், குறிப்பு எழுதுவது எதிர்ப்பொருள். கையெழுத்துப் போடுவது காம்ப்ளிமென்ட். துறை மாறினால் கையெழுத்து விழாது. கோழியின் எதிர்ப்பொருள் பாலூட்டிகளின் காம்ப்ளிமென்ட்டைத் தூண்டுவதில்லை. கோழியின் சீரமே வேண்டும்.

மனிதருக்கு மனிதர் ரத்தம் ஏற்றும்போது இரண்டும் ஒரே துறை. ஆபத்து அங்கேதான். 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஒரு புது ரத்த வகையை அறிவித்தார்கள். அதுதான் 'பாம்பே குரூப்'. சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால், எதிர்ப்பொருள் அந்த அணுக்களில் ஒட்டும். காம்ப்ளிமென்ட் ரத்தக் குழாய்க்குள்ளேயே அவற்றை உடைக்கும். சிறுநீர் சிவக்கும், சிறுநீரகம் பழுதாகும், உயிரும் போகலாம்.

நோயாளியின் சீரத்தில் கொடுப்பவரின் அணுக்களைக் கலந்து, திரள்கிறதா, கரைகிறதா என்று பார்ப்பதுதான் கிராஸ் மேட்ச். காத்திருப்பது அதற்காகத்தான்.

பாம்பே குரூப்காரருக்கு பாம்பே குரூப் ரத்தம்தான் சேரும். வீட்டில் ஒருவருக்கு அப்படி என்று தெரிந்தால், உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ளுங்கள். தேவையான ரத்தம் அதே வீட்டில் இருக்கக்கூடும்.