ஒப்பிக்கிறதும் வாசிக்கிறதும்

ஜூலை பொறந்தாச்சுன்னா தூத்துக்குடியில ரெண்டு வேலை மும்முரமா நடக்கும். ஒண்ணு, பனிமய மாதா கோயில் திருவிழாவுக்குத் தயாராகுறது. இன்னொண்ணு, ஆர்.சி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் பண்ணுறது. இந்தப் பதிவு ரெண்டாவது வேலையைப் பத்தி. (சாப்பாட்டுப் பதிவை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், மக்ரூன் இன்னொரு நாள் :-))

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்க பக்கம் "எந்த ஸ்கூல்லே?"ன்னு கேட்டா பதில் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணா இருக்கும். ஆர்.சி., இல்லன்னா டி.டி.டி.ஏ. முதலாவது ரோமன் கத்தோலிக்கப் பள்ளி, ரெண்டாவது சி.எஸ்.ஐ.காரங்களோடது. விரிவாக்கம் என்னன்னு படிக்கிற புள்ளைக்கும் தெரியாது, கேக்குற தாத்தாவுக்கும் தெரியாது. நிர்வாகம் மறைமாவட்டமோ கன்னியர் சபையோ பாக்கும், டீச்சருங்களுக்குச் சம்பளம் அரசாங்கம் குடுக்கும். அரசு உதவி பெறும் பள்ளின்னு போர்டுலயே எழுதியிருக்கும். மீன்பிடிக்கிறவர் பிள்ளை, உப்பளத்துக்குப் போறவர் பிள்ளை, ஹார்பர்ல லாரி ஓட்டுறவர் பிள்ளைன்னு எல்லாம் ஒரே பெஞ்சுல உக்காரும். எல்லா மதமும் உண்டு.

எங்க அக்கா மவ இப்படி ஒரு பள்ளியில மூணாங்கிளாஸ். ஜூன்ல லீவுக்குப் போனப்ப அவளைக் கூப்பிட்டு வரப் போயிருந்தேன். வராண்டா கரும்பலகையில, வரப்போற நாளெல்லாம் கலர் சாக்பீஸ்ல எழுதிப் போட்டிருந்தாங்க.

ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். 2006-ல இருந்து தமிழ்நாடு முழுக்க அது கல்வி வளர்ச்சி நாள். பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி. ஜூலை 26, மாதா கோயில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5, திருவிழா, பள்ளிக்கு லீவு. ஆகஸ்ட் 15, சுதந்திர தினமும் மாதா விண்ணேற்புத் திருநாளும் ஒண்ணா வரும். காலைல பூசை, அப்புறம் கொடி, அப்புறம் மிட்டாய். கீழ இடம் பத்தாம பொடி எழுத்துல டிசம்பர் 3, சவேரியார் திருநாள்.

இதைப் பாத்துட்டு எங்க அத்தான் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"ஏன் மாப்ள, எப்பப் பாத்தாலும் விழா, போட்டி, பாட்டுன்னே போகுது. பாடம் எப்ப நடத்துதாங்க? நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா, நீயே சொல்லு. இங்கிலீஷ் மீடியத்துல கொண்டு போய்ச் சேத்துருவமா?"

அத்தான் விசைப்படகுல கூலிக்குப் போறவரு. எங்க துறைமுகத்து விசைப்படகெல்லாம் விடியக் காலம் போய் ராத்திரி கரைக்கு வரும். அவர் கிளம்பும்போது புள்ளை தூங்கிட்டிருக்கும், வரும்போதும் தூங்கிட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, அன்னைக்கு மட்டும்தான் முகம் பாத்துப் பேசுறது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் கிடையாது. அது முடியுற நேரத்துலதான் பள்ளிக்கூடம் திறக்கும், பீஸ் கட்டச் சொல்லுவாங்க. ஆக அவர் கேட்டது சும்மா கேள்வி இல்ல. வட்டிக்கு வாங்கியாவது மாத்திரலாம்னு முடிவு பண்ற நிலைமையில கேட்ட கேள்வி.

இஞ்சினியர்னா எல்லாம் தெரியும்னு நம்புறாங்களே, விடக்கூடாதுன்னு நானும் ஆராய்ச்சியில இறங்கினேன் :-)

பாப்பாவைக் கூப்பிட்டுப் போன வருஷம் காமராஜர் நாளுக்குப் பேசினதைப் பேசச் சொன்னேன். ரெண்டு பக்கப் பேச்சு. "அவையோரே"ன்னு ஆரம்பிச்சு, கையை ஆட்டி, அங்கங்க குரலை ஏத்தி இறக்கி, ஒரு இடத்துல கூட நிக்காம அடிச்சு முடிச்சா. அம்மாச்சி நெட்டி முறிச்சாங்க. அப்புறம் அந்தப் பேச்சு எழுதின தாளைக் கையில குடுத்து, நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டு "இது என்னம்மா?"ன்னு கேட்டேன்.

பாப்பா பதில் சொல்லல. முதல் வரியில விரலை வச்சா. உதடு மட்டும் அசையுது. மனசுக்குள்ள முதல்ல இருந்து ஓட்டிக்கிட்டே வந்து, நான் தொட்ட வார்த்தை கிட்ட வந்ததும் "பள்ளிக்கூடம் மாமா!"ன்னா.

நம்ம ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, லிங்க்டு லிஸ்ட். நடுவுல இருக்குற ஒண்ணை எடுக்கணும்னாலும் தலையில இருந்து ஓடி வரணும். அவ வாசிக்கல, ஒப்பிச்சிருக்கா. டெமோ சூப்பர், உள்ள கோட் இன்னும் எழுதல.

இதுல ஒரு விசேஷம் என்னன்னா, இந்தக் கரையில இப்படிப் படிச்ச முதல் ஆள் எங்க பாப்பா இல்ல. அந்தக் கரும்பலகையில டிசம்பர் 3-ன்னு போட்டிருக்கே, அந்தச் சவேரியாரே இப்படித்தான்!

1542-ல பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தப்ப அவருக்குத் தமிழ் தெரியாது. தாய்மொழி பாஸ்க். இங்கத்தப் பரதவர்கள் அதுக்குச் சில வருஷம் முன்னாலதான் கிறிஸ்தவங்களா மாறியிருந்தாங்க, செபம் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்களை உக்கார வச்சு செபங்களைத் தமிழ்ல மாத்தச் சொல்லி, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டாரு. பிறகு கையில மணியோட தெருத்தெருவாப் போய்ப் பிள்ளைங்களைக் கூட்டி, தினம் ரெண்டு வேளை சொல்லச் சொல்லித் திருப்பிச் சொல்ல வச்சாரு. பிள்ளைங்க வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் குடுக்கணும். இதையெல்லாம் 1544 ஜனவரியில எழுதின கடிதத்துல அவரே சொல்லியிருக்காரு.

அதே 1544-ல, கூட வேலை பாத்த மான்சிலாஸுக்கு எழுதின இன்னொரு கடிதத்துல ஒரு திருத்தம் வருது. 'விசுவசிக்கிறேன்'னு வரவேண்டிய இடத்துல அதுவரைக்கும் 'எனக்கு வேணும்'னு சொல்லிக்கிட்டிருந்திருக்காங்க! வேணும்னா வேற அர்த்தம், இனிமே மாத்திச் சொல்லுங்கன்னு எழுதுறாரு. அதுவரைக்கும் ஒரு கரையே கோரஸா "எனக்கு வேணும், எனக்கு வேணும்"னு செபம் பண்ணிருக்கு :-) மனப்பாடத்துல இதுதான் வம்பு. உள்ள ஒரு பிழை இருந்தா அதுவும் சேர்ந்தே மனப்பாடம் ஆயிரும்.

ஆனா மனுஷன் விவரமானவரு. சொல்லிக் குடுக்க ஊருக்கு ஊர் ஆள் வேணும், ஆளுக்குச் சம்பளம் வேணும்னு அப்பவே யோசிச்சிருக்காரு. இந்தக் கரையில இருந்து போர்ச்சுக்கல் ராணியோட செருப்புச் செலவுக்குன்னு போய்க்கிட்டிருந்த 4000 பணத்தை, பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற உபதேசியார்களுக்குத் திருப்பிவிடச் சொல்லிக் கேட்டு வாங்கினாரு. எங்க பக்கத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு முதல் மானியம் அதுதான்னு நான் சொல்லுவேன்.

அடுத்து வந்தவரு அண்டிரிக் அடிகளார், அதாவது என்ரிக் என்ரிக்கஸ். 1547 வாக்குல இந்தக் கரைக்கு வந்து, 1600-ல சாகுற வரைக்கும் இங்கத்தப் பணியில இருந்தாரு. இவர் மனப்பாடத்தோட நிக்கல. தமிழைப் பேசவும் எழுதவும் கத்துக்கிட்டு, போர்ச்சுக்கீஸ் மொழியில ஒரு தமிழ் இலக்கணமே எழுதினாரு. 1578 அக்டோபர் 20-ல கொல்லத்துல இவரோட 'தம்பிரான் வணக்கம்' அச்சாச்சு. 16 பக்கம். தமிழ் எழுத்துல அச்சான புத்தகங்கள்ல இன்னைக்குக் கிடைக்கிறதுல முதல் புத்தகம். அச்சு வேலைக்குக் காசு குடுத்து உதவினது இந்தக் கரைப் பரதவர்கள். அடுத்த வருஷம் கொச்சியில 'கிரீசித்தியானி வணக்கம்', குரு கேக்க சீடன் பதில் சொல்லுற மாதிரி. 1586-ல 'அடியார் வரலாறு'. அது தாமிரபரணி கடல்ல சேர்ற புன்னைக்காயல்ல அச்சானதுன்னு சொல்லுவாங்க.

அதாவது மணி அடிச்சு ஒப்பிக்க வச்சதுல இருந்து, தாள்ல எழுத்தைப் பாத்து வாசிக்கிறதுக்கு வர இந்தக் கரைக்கு 36 வருஷம் ஆச்சு. எங்க பாப்பாவுக்கு ஒரு வருஷத்துல வரணும்னு நாம எதிர்பாக்குறோம்.

மறுநாள் டீச்சர்கிட்ட மெதுவாப் பேச்சுக் குடுத்தேன். ஏதோ நான் கண்டுபிடிச்ச மாதிரி ஆரம்பிச்சா, அவங்க சிரிச்சுட்டாங்க.

"தெரியும் தம்பி. அவளை அரும்புலதான் வச்சிருக்கேன்."

2022-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல, வகுப்பைப் பாக்காம புள்ளை எந்த நிலையில இருக்குன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லிக் குடுப்பாங்க. கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் ஆரம்பிச்சாங்க. 2007-ல நான் அஞ்சாங்கிளாஸ் இருந்தப்ப, சின்ன வகுப்புப் பிள்ளைங்களைத் தரையில உக்கார வச்சு அட்டை அட்டையாக் குடுத்துப் படிக்க வச்சாங்க, ஏ.பி.எல். முறைன்னு. பக்கத்து ரூம்ல நாங்க வாய்ப்பாட்டைக் கோரஸ் போட்டுக்கிட்டிருந்தோம். கோரஸ்ல ஒரு வசதி உண்டு. தெரியாதவன் வாயை மட்டும் அசைச்சாப் போதும், யாரும் கண்டுபிடிக்க முடியாது.

டீச்சர் சொன்ன அடுத்த விஷயம்தான் எனக்குப் புதுசு.

"இந்த வருஷம் மூணாங்கிளாசுக்கு நான் பேச்சு எழுதித் தரப்போறதில்ல. வீட்டுல பெரியவங்ககிட்ட, நீங்க பள்ளிக்கூடத்துல மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்கணும். கேட்டதை அஞ்சு வரியா அதுங்களே எழுதணும். மேடையில அதைப் பாத்து வாசிக்கணும். மனப்பாடம் பண்ணிட்டு வந்தா பரிசு கிடையாது."

காமராஜர் 1956-ல மதிய உணவைத் தொடங்கி வச்சது எங்க மாவட்டத்து எட்டயபுரத்துல. காலை உணவு 2024 ஜூலை 15-ல கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26-ல நகர்ப்புறத்துக்கும் வந்துச்சு. அதனால இந்தக் கேள்விக்கு எல்லா வீட்டுலயும் ஒரு பதில் இருக்கும். பாப்பா அம்மாச்சியைப் பிடிச்சுக்கிட்டா. கோதுமைச் சோறு, பால் பவுடர் கரைச்ச பால், தட்டு இல்லாதவங்களுக்கு இலை. அவங்க அப்பா, அதாவது எங்க பூட்டன், முத்துக்குளிக்கப் போன கதையும் ஊடால வந்துச்சு. எங்க பக்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதை எழுத அஞ்சு வரி பத்தாதுன்னு பாப்பாவுக்குக் கவலை.

ஞாயித்துக்கிழமை அத்தான் முன்னால வாசிச்சுக் காட்டினா. விரலை வச்சு, எழுத்துக் கூட்டி, கோ... து... மைன்னு. அஞ்சு வரிக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. 'சாப்பிட்டார்கள்'ல மூணு தடவை சறுக்கினா.

அத்தான் முகம் மாறிட்டு. "போன வருஷம் ரயில் மாதிரி பேசினாளே. இப்ப ஏன் இப்படித் திக்குதா? இதுக்குத்தான் சொன்னேன், மாத்திருவோம்னு."

எனக்கு அந்த இடத்துலதான் பொறி தட்டுச்சு. புள்ளை உண்மையிலேயே படிக்க ஆரம்பிக்கிற நேரம், பாக்குற அப்பாவுக்கு அது பின்னடைவாத் தெரியுது. நல்லா ஒப்பிக்கிற புள்ளையோட அப்பா நிம்மதியா இருக்காரு, திக்கி வாசிக்கிற புள்ளையோட அப்பா டி.சி. வாங்கப் போறாரு. விழாவுக்குத்தான் அப்பாமார் பள்ளிக்கூடப் பக்கம் வாராங்க, அதனால விழாவுல பளபளன்னு காட்டணும்னு பள்ளிக்கும் ஆசை வருது. இந்த டீச்சர் அந்த ஆசையை விட்டுட்டு, விழாவையே பாடமாக்குறாங்க. அத்தான் கேட்டாருல்ல, பாடம் எப்ப நடத்துதாங்கன்னு? இப்பத்தான், இதுலதான்.

அத்தான்கிட்ட லிங்க்டு லிஸ்ட் கதை எடுபடாது. அதனால தாளை வாங்கி, நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டேன். பாப்பா விரலை முதல் வரிக்குக் கொண்டு போகல. நேரா அந்த வார்த்தையைப் பாத்து, "ப... வு... டர். பவுடர்!"ன்னா. போன வருஷத் தாளை எடுத்து அதே மாதிரி ஒரு வார்த்தையைத் தொட்டேன். அதையும் கூட்டி வாசிச்சா. ரெண்டு வாரத்துக்கு முன்னால இது முடியலன்னு அத்தானுக்குச் சொன்னேன்.

அவர் ஒண்ணும் சொல்லல. தாளை வாங்கி அவரே ஒரு வார்த்தையைத் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் இன்னொண்ணு. பாப்பாவுக்கு இது விளையாட்டு ஆயிட்டு. கடைசியில, "சரி, பதினஞ்சாந்தேதி முடியட்டும், பாப்போம்"னு எந்திரிச்சுப் போயிட்டாரு. இங்கிலீஷ் மீடியம் பேச்சு முடிஞ்சிட்டுன்னு நினைக்காதீங்க. தள்ளி வச்சிருக்கு, அவ்வளவுதான். இங்கிலீஷ் வேண்டாம்னு நானும் சொல்ல மாட்டேன், அதை வச்சுத்தானே நான் சோறு திங்கிறேன். எந்த மீடியமா இருந்தாலும் முதல்ல ஒரு மொழியில வாசிக்க வரணும்கிறதுதான் என் கட்சி.

பதினஞ்சாந்தேதி அத்தான் கடல்ல இருப்பாரு. நான் மேனேஜர்கிட்ட லீவு சொல்லியாச்சு. போன்ல வீடியோ எடுத்து ராத்திரி அவர் கரைக்கு வந்ததும் காட்டணும், ரெண்டு நிமிஷமும் முழுசா, திக்குற இடத்தை வெட்டாம.

உங்க வீட்டுப் பொடிசுங்க கிட்டயும் ஒருக்கா தாளைக் குடுத்து நடுவுல தொட்டுப் பாருங்க மக்களே. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.