கொடைக்கானலுக்கு ஒரு பின்வாசல்!

'கொடைக்கானல் போலாமா மச்சி?'ன்னு யாராவது கேட்டா என்ன செய்வீங்க? வத்தலக்குண்டுல இருந்து நேரா மலையேறி, ஏரியில படகு விட்டு, கோக்கர்ஸ் வாக்ல போட்டோ எடுத்து, சாக்லேட் வாங்கிட்டுத் திரும்புவீங்க. தப்பே இல்லை. ஆனா பாஸ், அது முன்வாசல். பின்வாசல் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு தாண்டிக்குடி ரோடு!

நாங்க அஞ்சு பேர், மூணு பைக். எல்லாரும் ஃபைனல் இயர். வேலை, மேல்படிப்புன்னு ஆளாளுக்கு ஒரு திசையில பிரியறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் சேர்ந்து சுத்தணும்னு முடிவு. டிசம்பர் மாச சனிக்கிழமை. வத்தலக்குண்டுல காலை ஆறு மணிக்கு டீ. டேங்க்கையும் இங்கேயே நிரப்பிடுங்க. மேல போய் பங்க்கைத் தேடி அலையாதீங்க.

சித்தரேவு தாண்டினதும் தென்னை, மாமரம் எல்லாம் டாட்டா காட்டிடும். ரோடு ஒல்லியாகும். எதிரே ஒரு பஸ் வந்தா ஓரங்கட்டித்தான் ஆகணும். மலைப் பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும்போது நீங்கதான் வழி விடணும். இதை மனசுல வெச்சுக்கோங்க மக்களே!

பெரும்பாறை பக்கம்தான் புல்லாவெளி அருவி. சும்மா சொல்லக்கூடாது, மழைக்குப் பிறகு அந்தத் தண்ணி விழற அழகைப் பார்த்தா வாயை மூட மறந்துடுவீங்க. எங்க செட்டு ஹீரோவுக்கு உடனே ஐடியா. "விளிம்புல நிக்கறேன், வீடியோ எடுடா!" செருப்பைக் கழட்டிட்டு பாறையில கால் வெச்சுட்டான்.

டீக்கடை அம்மா ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாங்க. "எட்டி நின்னு பாருங்க தம்பி, பாறை வழுக்கும்." 2022 ஆகஸ்ட்டுல இதே இடத்துல செல்போன் வீடியோவுக்கு போஸ் கொடுத்த ஒரு இளைஞர் வழுக்கி விழுந்தார். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. நாங்களும் பார்த்திருந்தோம். ஆனா 'வேண்டாம்'னு சொல்ல யாருக்கும் வாய் வரலை. சொன்னா 'பயந்தாங்கொள்ளி'ம்பானே! கடைசியில எங்கள்ல அதிகம் பேசாதவன்தான் போனை பாக்கெட்ல போட்டான். "நான் எடுக்க மாட்டேன்டா. வா, போலாம்." கேமரா இல்லைன்னா ஹீரோவுக்கு அங்கே என்ன வேலை? முறைச்சுக்கிட்டே திரும்பி வந்தான். அரை மணி நேரம் யாருகிட்டயும் பேசலை.

அவன் கோபத்தைக் குறைச்சது காபித் தோட்டம்தான். தடியன்குடிசை, மங்களம்கொம்பு தாண்டி வழி நெடுக சில்வர் ஓக் மரங்கள், அதுல சுத்தியேறின மிளகுக் கொடி, நிழல்ல செக்கச்செவேல்னு காபிப் பழங்கள். ஒரு பழத்தைக் கடிச்சுப் பாருங்க, இனிக்கும்! (தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு!) ஊடால நிக்கறது மலை வாழை. பழனி பஞ்சாமிர்தத்தோட ருசிக்கு அடிப்படையே இந்தப் பழம்தான். அந்தப் பஞ்சாமிர்தம் 2019-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு.

தாண்டிக்குடி 4,000 அடிக்கும் மேல. முருகன் இங்கே இருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதிச்சாராம். 'தாண்டிக்குதி'தான் தாண்டிக்குடி ஆச்சுன்னு ஊர்க்காரங்க கதை சொல்வாங்க. மலை மேல பாலமுருகன் கோயில். சுத்துவட்டாரத்துல பெருங்கற்கால மக்கள் விட்டுப்போன கல்திட்டைகள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்கே ஆள் நடமாட்டம்!

பண்ணைக்காடு வழியா மெயின் ரோட்டைப் பிடிச்சா, மேல போறது கொடைக்கானல், கீழே போறது வத்தலக்குண்டு. கொடைக்கானல் போறவங்க இ-பாஸ் எடுத்துட்டுக் கிளம்புங்க. 2024 மே மாசம் வந்த நடைமுறை. நாங்க கீழே இறங்கினோம். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டாதீங்க. மொத்த பாரமும் பிரேக் மேல விழுந்து, சூடேறி, பிடிக்காமப் போயிடும். ஏறின கியர்லயே இறங்குங்க.

டம் டம் பாறையில கடைசி ஸ்டாப். எதிர் மலையில வெள்ளிக் கம்பி மாதிரி எலிவால் அருவி, கிட்டத்தட்ட 975 அடி! ஹீரோவே போனை நீட்டி, "எல்லாரும் வாங்கடா"ன்னான். அதிகம் பேசாதவன் தோள்ல கையைப் போட்டுக்கிட்டான். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னுதான் எடுத்தோம்.

அந்த போட்டோ இப்போ என் மேஜை மேல இருக்கு. அஞ்சு பேரும் இருக்கோம்.

நீங்களும் கிளம்புங்க. உங்க செட்டுலயும் ஒரு ஹீரோ இருப்பான். 'நான் எடுக்க மாட்டேன்டா'ன்னு சொல்றதுக்கு ஒருத்தனையும் மறக்காம கூட்டிட்டுப் போங்க!