பட்டம் முடிய ஒரு தெரு வேண்டும்

சமூகவியலில் இளங்கலை முடிக்க என்ன தேவை என்று கேட்டால் எங்கள் துறையில் கிரெடிட் கணக்குதான் முதலில் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆறு பருவம், 140 கிரெடிட். மார்க்ஸ், வெபர், துர்க்கைம், இந்தியச் சமூகம், ஆய்வு முறையியல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஒரு தெருவில் இறங்கி யாரிடமும் பேசாமலே இத்தனை தாள்களிலும் தேறிவிடலாம். 'மாதிரி எடுத்தல்' பற்றி நன்றாக எழுதி மதிப்பெண் வாங்கியவருக்கு, மனைவியிடம் கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொல்லும் வீட்டில் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவரும் தனியாகச் செய்த சிறு கள ஆய்வு ஒன்று இல்லாமல் இந்தப் பட்டத்தை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது என்பது என் வாதம். வகுப்பே பேருந்தேறிப் போய்வரும் களப்பயணம் இதில் சேராது (அது நல்ல சுற்றுலா).

இளங்கலை வயதில் ஆய்வா என்பது வழக்கமான மறுப்பு. நான்காண்டு இளங்கலைக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 சட்டகமும் அந்த மனநிலையில்தான் இருக்கிறது: 12 கிரெடிட் ஆய்வேட்டை நான்காம் ஆண்டில், அதுவும் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர்களுக்கே திறந்துவிடுகிறது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் முதல் உலகப் போர்க் காலத்திலேயே மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்துத் தங்கள் ஊர்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார். 1918இல் அவை நூலாயின. பொருளியலாளர்கள் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை 1930களில் மறு ஆய்வு செய்தார்கள். பின்வந்த ஆய்வாளர்களும் அவற்றில் இருவேல்பட்டுக்கும் கங்கைகொண்டானுக்கும் திரும்பப் போனார்கள். நிலம், கூலி, கடன் எப்படி மாறின என்று ஒப்பிட அவர்களுக்கு அடித்தளமாக நின்றது மாணவர்கள் எழுதிய குறிப்பு. எல்லா மாணவரும் அப்படி எழுதமாட்டார்கள்தான். எல்லா மாணவரும் வெபரையும் புரிந்துகொள்வதில்லை, அதற்காக அந்தத் தாளை யாரும் விருப்பப்பாடம் ஆக்கவில்லையே.

இதைவிடக் கனமான ஆட்சேபம் சாதி பற்றியது. சொந்த ஊருக்குப் போகும் மாணவர் தன் தெருவின் கண்ணோடுதான் போவார். ஊர் அவரை அவருடைய அப்பா பெயரால்தான் அடையாளம் காணும். உண்மை. ஆனால் தேர்ந்த ஆய்வாளருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேல் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். சேரியோடு நெருங்கிப் பழக அது தடையாக இருந்ததை மறைக்கவில்லை. ஆகவே எங்கிருந்து பார்த்தேன், யார் என்னிடம் பேசவில்லை என்று மாணவர் எழுதும் பக்கத்துக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். பெயர்களை மாற்றுவதும், பேச விரும்பாதவரை விட்டுவிடுவதும் கட்டாயம். ஊருக்குள் தனியாகப் போய்வருவது சிரமம் என்கிற மாணவிக்குக் கல்லூரி விடுதியும் வாசல் கடையும் களமாகலாம்.

ஆசிரியர்கள் போதாது, அறிக்கைகளை நகலெடுத்துவிடுவார்கள் என்பதையும் தள்ளிவிட முடியாது. அறிக்கை பத்துப் பக்கம் போதும். அதோடு கையால் எழுதிய களக்குறிப்பேட்டையும் வாங்க வேண்டும், வாய்மொழித் தேர்வில் கேள்வி அந்தக் குறிப்பேட்டிலிருந்தே வர வேண்டும். இரண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வுகளை விட்டுக்கொடுத்தால் திருத்தும் நேரம் கிடைத்துவிடும்.