முல்லையும் எருக்கும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலிருக்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தலவிருட்சம் முல்லை. தொண்டைமான் மன்னனின் யானைக் காலைச் சுற்றி, நகரவிடாமல் செய்த கொடி என்கிறது தலபுராணம். கருவறை முன்னாலோ இரண்டு எருக்கந்தூண்கள். அந்த மன்னன் குறும்பரை வென்று புழல் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவையாம். எருக்கு இவ்வளவு பருக்குமா என்று வருகிறவர்கள் வியப்பார்கள். எனக்கு வியப்பு அதன் பூவைப் பற்றித்தான்.

முல்லையின் கட்டுமானம் எளிது. வெளியே புல்லி, பிறகு குழலாக ஒட்டிய இதழ்கள், குழலுக்குள் இரண்டே மகரந்தத்தாள்கள், நடுவில் சூலகம். பெரும்பாலான பூக்களுக்கு இந்த நான்கு வட்டங்கள்தான். நான்கும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இல் எழுதினார். எந்த வட்டத்தில் எது முளைக்கும் என்பதற்கு என்ரிக்கோ கோயனும் எலியட் மேயரோவிட்சும் 1991இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். மூன்று வகை மரபணுக்கள்: முதல் வகை தனித்திருந்தால் புல்லி, இரண்டாவதோடு சேர்ந்தால் இதழ், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் மகரந்தத்தாள், மூன்றாவது தனித்தால் சூலகம். மூன்றாவது படுத்துவிட்டால் மகரந்தத்தாள் இடத்திலும் இதழே வரும். அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்துப் பாருங்கள். பாதி இதழாகி, ஓரத்தில் மகரந்தப்பையை இன்னும் விடாத இரண்டுங்கெட்டான்கள் உள்ளே இருக்கும். நமக்கு அழகு, செடிக்கு நஷ்டம்.

எருக்கம்பூவை யாரும் தலையில் வைப்பதில்லை. பிள்ளைகள் மொட்டை அமுக்கி 'டப்' என்று வெடிக்கவைப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் கைவேலையில் முல்லை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மொட்டில் தனித்தனியாகத் தொடங்கும் மகரந்தத்தாள்களும் சூல்முடியும் வளர வளர ஒட்டிக்கொண்டு நடுவில் ஒரே மேடையாகின்றன. மகரந்தமும் தூளாக உதிராது. இரண்டிரண்டு பொட்டலமாக, ஒரு சின்னக் கவ்வியில் தொங்கும். தேன் குடிக்க வரும் கருப்புத் தச்சுவண்டின் கால் மேடையிலுள்ள பிளவில் சிக்கினால், கவ்வி பிடித்துக்கொண்டு பொட்டலம் கூடவே போகும். குண்டூசி முனையைப் பிளவில் விட்டு மேலே இழுத்தாலும் மஞ்சளாக இரண்டும் வந்துவிடும், நான் செய்திருக்கிறேன்.

இதே பொட்டலம் கட்டும் வித்தை ஆர்க்கிடுக்கும் உண்டு. இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. தனித்தனி வழியில் வந்து சேர்ந்தவை. ஆர்க்கிடைக் கடையில் விலை சொல்லி விற்கிறார்கள். எருக்கு ஆவடி பக்கம் எந்தக் காலிமனையிலும் சும்மா நிற்கிறது. ஊசியோடு போகிறவர்கள் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.