பொட்டலம் மடித்த கையும் ஒற்றைக் கொம்புக் குதிரையும்

‘பிளேட் ரன்னர்’ படத்தின் கடைசிக் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். 1982இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய படம். ஹாரிசன் ஃபோர்டு நடித்த டெக்கார்ட் என்ற பாத்திரம் வீட்டை விட்டு வெளியேறும் வேளையில், தரையில் எதையோ பார்த்துக் குனிந்து எடுக்கிறது. வெள்ளித்தாளில் மடித்த, விரலளவே இருக்கும் ஒற்றைக் கொம்புக் குதிரை. ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு. பிறகு அதைக் கைக்குள் கசக்கிக்கொண்டு டெக்கார்ட் மின்தூக்கிக்குள் நுழைந்துவிடுகிறார்.

திரையில் அந்தக் குதிரை தெரிவது சில நொடிகள்தான். ஆனால் அதைப் பற்றி ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். 1992இல் வெளிவந்த இயக்குநர் பதிப்பில் டெக்கார்ட் ஓர் ஒற்றைக் கொம்புக் குதிரையைக் கனவில் காண்பார். அந்தக் கனவு இன்னொருவருக்கு எப்படித் தெரிந்தது? அப்படியானால் டெக்கார்ட் மனிதர்தானா, அவரும் செய்யப்பட்டவரா? இவ்வளவு பெரிய கேள்வியை ஒரு துண்டு வெள்ளித்தாள் கேட்டுவிடுகிறது.

அதை மடித்தவர் காஃப் என்ற காவல்துறைக்காரர். எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் நடித்த பாத்திரம். அதிகம் பேச மாட்டார். அவர் விரல்கள் பேசும். டெக்கார்ட் வேலையை ஏற்க மறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோழியை மடித்து வைப்பார். ஆங்கிலத்தில் கோழி என்றால் பயந்தாங்கொள்ளி. 2017இல் வந்த ‘பிளேட் ரன்னர் 2049’இல் முதியோர் இல்லத்தில் இருக்கும் அதே காஃப் ஓர் ஆட்டை மடிப்பார். படத்துக்கு மூலமான பிலிப் கே. டிக்கின் 1968ஆம் ஆண்டு நாவலின் தலைப்பில் ஒரு மின்சார ஆடு உண்டு. அதற்கு வைத்த வணக்கம் அது.

படத்தில் வரும் இந்த உருவங்களை வீட்டில் மடித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வாரம் முழுவதும் கணினித் திரையையே பார்க்கும் கண்ணுக்கும் கைக்கும் சனிக்கிழமை இரவில் இது நல்ல மாற்று.

ஒரிகாமி கற்க நூலகத்தில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. 736.982 என்ற எண்ணிட்ட அடுக்குக்குப் போனால் போதும். ஜப்பானின் அகிரா யோஷிசாவா வகுத்த கோடுகளும் அம்புக்குறிகளும் எந்த மொழிப் புத்தகத்திலும் நமக்குப் புரியும். ஆனால் படத்தில் வரும் உருவத்துக்குச் செய்முறை கிடையாது. முடிந்துபோன உருவம் மட்டும்தான் நம் முன்னால் இருக்கும். சமைத்த குழம்பை ருசித்துவிட்டு என்னென்ன போட்டிருப்பார்கள் என்று யோசிப்பதைப் போன்றது இது.

நான் செய்வது இதுதான். காட்சியை நிறுத்தி, உருவத்தின் வெளிக்கோட்டைத் தாளில் வரைந்துகொள்வேன். பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை எண்ணுவேன். குதிரைக்கு நான்கு கால்கள், ஒரு வால், கொம்போடு சேர்ந்த ஒரு தலை. ஆக, 6 முனைகள். சதுரத் தாளுக்கோ நான்கே மூலைகள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. ராபர்ட் லாங் என்ற அமெரிக்க இயற்பியலாளர் ஒரிகாமிக்காகவே ஒரு கணினி மென்பொருள் எழுதியவர். அவர் விளக்கும் அடிப்படை எளிது. ஒவ்வொரு முனையும் தாளில் ஒரு வட்டத்தைச் சாப்பிடும். மூலையில் பிறக்கும் முனைக்குக் கால்வட்டம் போதும். விளிம்பில் பிறந்தால் அரைவட்டம். நடுத்தாளில் பிறந்தால் முழுவட்டம். வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. 10 செண்டிமீட்டர் தாளில் நான்கு மூலைகளை மட்டும் பயன்படுத்தினால் ஒவ்வொரு முனையும் 5 செண்டிமீட்டர் வரை நீளலாம். எதிரெதிர் விளிம்புகளின் நடுவில் இன்னும் இரண்டு முனைகளைச் சம நீளத்தில் சேர்த்தால், ஆறும் 2.5 செண்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கொம்பு வேண்டுமென்றால் கால்களிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும்.

தாள் கிடைப்பது இன்னொரு பாடு. காஃப் மடித்தது சூயிங்கம் உறை என்பார்கள் ரசிகர்கள். கனவுக் குதிரை திரைக்கு வந்த அதே 1992இல்தான் சிங்கப்பூர் சூயிங்கம் இறக்குமதியைத் தடை செய்தது! ஆகவே என் குதிரைகள் எல்லாம் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளில் பிறந்தவை. வெள்ளித்தாளில் ஒரு நன்மை, வைத்த இடத்தில் நிற்கும். ஒரு தொல்லை, ஒருமுறை விழுந்த மடிப்பு அதில் மறையவே மறையாது.

இந்த வேலையெல்லாம் நடப்பது எங்கள் வீவக வீட்டின் சாப்பாட்டு மேசையில். எதிர் நாற்காலியில் அப்பா இருப்பார். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவர். முட்டிவலி வந்து நின்றுவிட்டார். முதல் சில மாதங்கள் காலையில் புளோக்குக்குக் கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார். பிறகு அதுவும் நின்றது. “இந்தக் கைக்கு இனிமே என்ன வேலை இருக்கு?” என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னது என் அறை வரை கேட்டது. அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னார், நடந்தார். ஆனால் நடப்பது வேலை ஆகுமா?

ஒரு சனிக்கிழமை இரவு, 6 முனைக் கணக்கை நான் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏம்மா, அந்தக் கூர் எங்கேர்ந்து வரணும்?”

“கொம்பாப்பா? அதான் தெரியல. மூலை நாலும் காலுக்குப் போயிடுது.”

அவர் பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை இழுத்தார். ஒரு சுழற்று, ஓர் அழுத்து. கூம்புப் பொட்டலம். சீரகமும் மிளகும் கட்டித் தரும் அதே பொட்டலம். அதை என் கண் முன்னே மெல்லப் பிரித்துக் காட்டினார்.

“பாரு, கூர் மூலையிலயா இருக்கு? நீட்டு விளிம்புக்கு நடுவுல இருக்கு.”

லாங் கணினியில் எழுதியதை அப்பா மிளகுப் பொட்டலத்தில் வைத்திருந்தார். கொம்பையும் வாலையும் விளிம்புகளின் நடுவிலிருந்து எடுத்தோம். நான்கு மூலைகளும் கால்களாயின. ஆனால் குதிரையை நிறுத்தினால் வயிறு பிளந்து கால்கள் விரிந்தன. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. “நூல் இல்லாம கட்டணும்னா, கடைசி மடிப்பு முதல் மடிப்புக்குள்ள போயி ஒளியணும்.” நகத்தால் அந்த விளிம்பை உள்ளே தள்ளினார். குதிரை நின்றது.

அன்றிரவு அவர் பேசிய அளவுக்கு அந்த ஆண்டு முழுவதும் பேசியதில்லை. கால் கிலோ பருப்புக்கு எந்த அளவுத் தாள், மழை நாளில் சர்க்கரைக்கு ஏன் இரட்டைத் தாள், தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம், பிளாஸ்டிக் பை வந்த பிறகு கடைக்குப் புதிதாக வந்த பையன்களுக்கு மடிப்பே தெரியாமல் போனது. அம்மா தொடர்நாடகத்தை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் அக்காள் மகனையும் சேர்த்துக்கொண்டு ‘குபோ அண்ட் த டூ ஸ்ட்ரிங்ஸ்’ பார்த்தோம். லைக்கா நிறுவனம் 2016இல் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்து உருவாக்கிய படம். சிறுவன் குபோ ஷாமிசென் வாசித்தால் தாள்கள் தானாகப் பறந்து, மடிந்து, போர்வீரனாகும். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “வாத்தியம் வாசிச்சா மடியுதா? எனக்கு 38 வருசமா யாரும் வாசிக்கலயே!”

பேரன் அந்தச் சின்னப் போர்வீரன் வேண்டுமென்று அடம்பிடித்தான். படத்தை நிறுத்தும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். “அங்க நிறுத்து. தொப்பிய எண்ணு, கைய எண்ணு” என்று பேரனுக்குப் பாடம் நடந்தது. மடித்த வீரன் கொஞ்சம் கூன் விழுந்தவன்தான். பேரன் அவனைப் பள்ளிக்கே கொண்டு போய்விட்டான்.

நீங்களும் முயன்று பார்க்கலாம். பிடித்த காட்சியை நிறுத்துங்கள், முனைகளை எண்ணுங்கள், தாளைச் சதுரமாக வெட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மேசைக்கு எதிரில் அவர்களுக்கும் ஒரு தாள் வையுங்கள். பூ கட்டியவர்கள், வெற்றிலை மடித்தவர்கள், தையல் இயந்திரம் மிதித்தவர்கள் எல்லார் கையிலும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது காஃபின் ஆடு நடக்கிறது. நான்கு கால்கள், கொம்பு இல்லை. முனை குறைவு என்பதால் எளிது என்று நான் நினைத்திருக்க, உடம்புச் சுருளுக்குத் தாளை முதலிலேயே கசக்கிவிட்டு மடிக்க வேண்டும் என்கிறார் அப்பா. காலையில் அம்மா நாளிதழைக் கையில் எடுத்தாலே அவர் எதிரில் வந்து நின்றுவிடுகிறார், “படிச்சு முடிச்சாச்சா?” என்று.