எங்கள் வீட்டு மாடியில் ஒரு பேய்ப்படம்

போன மாசம் இரண்டு ராத்திரி எங்கள் வீட்டு மாடி அறையில் பேய் நடமாடியது. கூட்டிவந்தவன் என் தங்கையின் பேரன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு குறும்படம் எடுக்கிறவன். கூட நாலு பையன்கள், இரண்டு செல்போன், ஒரு ஸ்டாண்டு, தெர்மாகோல் அட்டை. மொத்த பட்ஜெட் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதில் பாதி புரோட்டாவுக்கே போயிருக்கும்.

கதை இதுதான். பத்திரிகைகளெல்லாம் திருப்பி அனுப்பிய எழுத்தாளன் ஒருவன். ராத்திரி அவன் தூங்கியதும் பேனா தானாக எழுதுகிறது. "ஏம்ப்பா, எழுத்தாளன்தானா கிடைச்சான்?" என்று கேட்டேன். "ஒரு ரூம், ஒரு மேசை, ஒரே நடிகர் போதும் தாத்தா. இருட்டுக்குக் காசு கிடையாது" என்றான்.

யோசித்தால் சரிதான். டேவிட் சாண்ட்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் 2013-இல் தன் மனைவியையே நடிக்க வைத்து, ஒரு விளக்கு சுவிட்சை மட்டும் நம்பி மூன்று நிமிஷத்துக்கும் குறைவான படம் எடுத்தார். அது பிறகு ஹாலிவுட்டில் முழுப் படமானது. நம் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி எல்லாம் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' குறும்படங்களில் இருந்து வந்தவர்கள்தானே. 2013-இல் வந்த 'வில்லா' படத்தின் நாயகனும் எழுத்தாளன்தான். புதுச்சேரியில் ஒரு வீடு கைக்கு வந்து, அதில் மாட்டிக்கொள்கிறவன். குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்திலோ எழுத்தாளனின் மனைவி காகிதக் கட்டைப் புரட்டுகிறாள். பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம். அதைவிடப் பெரிய பேய் அந்தப் படத்தில் இல்லை என்பேன். எங்கள் ஊர்ப் புதுமைப்பித்தன் இவர்களுக்கெல்லாம் முன்னோடி. 'காஞ்சனை'யில் ராத்திரி தூக்கமில்லாமல் கிடப்பவரும் கதை எழுதுகிறவர்தான்.

பையன்களின் வேலையைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பேனாவில் தூண்டில் நரம்பைக் கட்டி ஒருவன் மேசைக்கு அடியில் இருந்து இழுத்தான். பேயின் முனகலுக்கு எங்கள் கிணற்றுக் கப்பி. எண்ணெய் போடச் சொல்லி என் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போடாதது நல்லதாகப் போயிற்று.

கடைசிக் காட்சியில் எழுத்தாளன் தன் கதைகளை எரிக்க வேண்டும். "பழைய காயிதம் இருக்கா தாத்தா? மஞ்சளாயிருக்கணும்" என்றான்.

இருந்தது. தபால் ஆபீசில் இருந்த காலத்தில் நானும் கதை எழுதினவன். திரும்பி வரும் உறைகள் காலையில் தபால் பிரிக்கும்போது என் கைக்கே வரும். என் கையெழுத்தில் என் விலாசம். பக்கத்து மேசைக்காரர் பார்ப்பதற்குள் கவிழ்த்து வைத்துவிடுவேன். 1986-இல் எழுதுவதை விட்டேன். கட்டு மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. திரையில் என் எழுத்து வரட்டுமே என்ற ஆசையில் முழுக் கட்டையும் கொடுத்தேன்.

முதல் தடவை எரித்தபோது பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை செல்போனில் இடமில்லை. மூன்றாவதில் காட்சி சரியாக வந்தது. கட்டும் தீர்ந்தது. படத்தில் அது நாலு விநாடி. எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

ஒரு கதை மட்டும் எரியவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. டீ கொடுக்க மாடிக்கு வந்த என் மனைவி, மேலாக இருந்ததை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். கதையில் வரும் பெரியவருக்கு அவள் அப்பாவின் பெயர்.

அந்தக் கதை கட்டில் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன்.

1984-இல் மாமனார் தவறிய தந்தி காலை பதினோரு மணிக்கு என் ஆபீசுக்கே வந்தது. வீட்டுக்கு ஓடினேன். அவள் ஏழு மாசம். அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று திண்ணையில் நின்றேன். அவள் மோரும் விட்டுச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தாள். எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டது. மூன்று மணி பஸ்ஸில் போய் இறங்கியபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் முகம் பார்க்கவில்லை. தந்தி தாமதமாக வந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து எழுதிய கடைசிக் கதையில்தான் உள்ளதைச் சொன்னேன். அதுவும் திரும்பி வந்தது.

"தந்தி பதினோரு மணிக்கே வந்துட்டா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். பக்கத்தில் அவள் உட்காரவில்லை. சாயங்காலம் பேரன் படத்தை அனுப்பினான். இருவருமாகப் பார்த்தோம். கப்பிச் சத்தம் வந்த இடத்தில், "அதுக்கு எண்ணெ போடுங்க" என்றாள்.

மறுநாள் போட்டேன். கதை இப்போது அவள் பீரோவில் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.