உப்பளத்து ஊரில் ஓர் அவரைப் பந்தல்

கேளம்பாக்கத்துக்குப் போக வேண்டியவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கிவிட்டு முழிப்பது இப்போது சகஜமாகிவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் வண்டலூருக்குப் பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வந்த குழப்பம் இது. இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 18 கிலோமீட்டர் தூரம். கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் எனச் சாலை கிழக்கே ஓடுகிறது. வழியில் ஏரிகள், கல்லூரிகள், மலைமேல் ஓர் ஆஞ்சநேயர் கோயில், இடையிடையே வானத்தை மறைக்கும் அடுக்குமாடிகள். பழைய மாமல்லபுரம் சாலையில் போய் முட்டினால் கேளம்பாக்கம்.

அங்கே நிற்காமல் கோவளம் சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் காட்சி சட்டென்று மாறும். கட்டடங்கள் விலகும். சாலையின் இருபுறமும் கண்ணாடி விரித்ததுபோல் தண்ணீர். கேளம்பாக்கம் உப்பளங்கள் இவை. பக்கிங்ஹாம் கால்வாயும் முட்டுக்காடு காயலும் தொட்டுக்கொண்டிருக்கும் இந்தச் சமவெளியில் உப்பு விளைவது இன்று நேற்று வந்த தொழில் அல்ல. மழைக்காலம் முடிந்து குளிர் அடிக்கும்போது இங்கே கூழைக்கடாக்களும் பூநாரைகளும் இரை தேடும். அவற்றைப் பார்க்க அதிகாலையில் கேமராவோடு வருகிறவர்கள் பலர்.

இந்த உப்பளத்துக்கும், மேற்கே தெரியும் மாடி வீடுகளின் மொட்டைமாடியில் படரும் அவரைக் கொடிக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது தெரியாமல் விதை போடுகிறவர்களுக்கு முதல் வருஷம் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

தொட்டிக்குள் ஓர் உப்பளம்

உப்பு எப்படி விளைகிறது? கடல்நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். வெயில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. உப்பு மட்டும் தங்குகிறது. மறுபடி நீர், மறுபடி வெயில். அவ்வளவுதான்.

மாடியில் வைத்த செடித் தொட்டியிலும் இதேதான் நடக்கிறது. கேளம்பாக்கத்தைச் சுற்றிப் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று அந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம். நீர் ஆவியாகிறது, உப்பு மண்ணிலேயே நிற்கிறது. இரண்டு மாதத்தில் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொரி கட்டும். இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பாகும். “தண்ணீர் போதவில்லை” என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுவார்கள். செடி இன்னும் வாடும்.

இதில் இரண்டு தவறுகளை நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள். ஒன்று, ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுவது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவு நீரில்தான். பாத்திரம் கழுவ, தரை துடைக்க அதைப் பயன்படுத்தலாம். அவரைக்கு வேண்டாம். அவரைக் குடும்பச் செடிகளுக்கு உப்பு ஆகவே ஆகாது. இன்னொன்று, தேங்காய் நார்க் கழிவுக் கட்டியை அப்படியே பையில் போடுவது. நார்க் கழிவிலேயே உப்பு இருக்கும். ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மண்ணோடு கலக்க வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது. இரவில் ஒரு வாளியில் பிடித்துவைத்து, கிணற்று நீரோடு கலந்து ஊற்றலாம். தொட்டியின் அடியில் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்றுவதைவிட, ஊற்றும்போது அடிவழியே கொஞ்சம் வடியும்வரை ஊற்றுவது நல்லது. மேலே காய்ந்த இலையைப் பரப்பினால் வெயில் குடிக்கும் நீர் குறையும். இதற்கெல்லாம் மேலான வைத்தியம் ஒன்று உண்டு. அதற்கு ஐப்பசிவரை காத்திருக்க வேண்டும்.

பகல் குறுகக் காத்திருக்கும் கொடி

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். பந்தல் அவரைக்கு அது அப்படியே பொருந்தும். ஆடியில் ஒரு அடி ஆழத்துக்குக் குறையாத பையில் விதை போட்டால் சில நாளில் முளைவிடும். ஆவணியில் கயிற்றைப் பிடித்து ஏறும். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரியும். புரட்டாசியில் பார்த்தால் பந்தல் முழுக்கப் பச்சை. ஆனால் பூ ஒன்றுகூட இருக்காது.

முதல்முறை போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். துணி காயப்போட வரும் பக்கத்து வீட்டுக்காரர், “என்னக்கா, வெறும் இலைதானா? உரம் போட்டுப் பாருங்களேன்” என்று கேட்டுவிட்டுப் போவார். யூரியா வாங்கிப் போட்டால் இன்னும் இலைதான் தழைக்கும். அவரை தன் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிரிகளின் உதவியால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி. அதற்குத் தேவை உரமல்ல, குறுகிய பகல்.

நாட்டுப் பந்தல் அவரை, பகல் பொழுது குறைவதை உணர்ந்துதான் பூக்கும். சென்னைப் பக்கம் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நமக்குத் தெரியாத அந்தச் சின்ன மாற்றம் கொடிக்குத் தெரியும். பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கிய பிறகு, கார்த்திகையில் ஊதாவோ வெள்ளையோ பூங்கொத்து நிமிரும். தை மாதம் விதைத்தவர்களின் பந்தல் வருஷம் முழுக்க இலையாகவே நிற்பதற்கும் இதுதான் காரணம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குக் குத்து அவரை இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை ரகங்கள் பருவம் பார்க்காமல் காய்க்கும், பந்தலும் தேவையில்லை.

பகல் நேரத்தை எண்ணும் கொடி அவரை மட்டுமல்ல. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியும் அப்படித்தான். கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும் குளிர்நாடுகளில் அது மளமளவென்று ஏறும். குளிர்காலத்தில் வேர் உறங்கவும் வேண்டும். ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியும் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கும் அதற்குப் பேர்போனவை. இந்தியாவில் அது விளைந்த இடம் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு. கேளம்பாக்கத்தில் வைத்தால், கொடி உயரும் முன்பே பூக்கப் பார்த்து நோஞ்சானாகிவிடும். ஹாப்ஸை வீட்டில் வளர்க்கிற வெளிநாட்டுக்காரர்களும் முதல் வருஷம் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. அந்த வருஷம் கொடி வேர் பிடிப்பதிலேயே கழியும். நிறைந்த அறுவடை மூன்றாம் வருஷம் வாக்கில்தான். அந்த வகையில் அவரை தாராளம். அதே வருஷம் காய்க்கும், கொஞ்சம் தாமதமாக.

உப்பு ஓய்கிற மாதம்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளத்தில் வேலை நிற்கும். பாத்திகளில் மழைநீர் நிறைந்தால் உப்பு ஏது? உப்பளத் தொழிலாளிக்கு அது வருமானம் இல்லாத காலம். ஆனால் மாடித் தொட்டிக்கு அதுதான் விடுதலை. ஆறு மாதம் சேர்ந்த உப்பை நாலு நல்ல மழை கரைத்து அடிவழியே இறக்கிவிடும். தீய்ந்த ஓரங்களுக்குப் பக்கத்தில் புதுத் தளிர் வரும். பூக்கும் நேரமும் அதுவே. உப்பு ஓய்கிறபோதுதான் அவரை தொடங்குகிறது.

மழையோடு காற்றும் வரும். கடல் கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் பந்தலை மாடிக் கைப்பிடிச் சுவரைவிடத் தாழ்வாக இறக்கிக் கட்டுவது நல்லது. தொட்டிகளைச் சுவரோரம் ஒதுக்க வேண்டும். அடுக்ககமாக இருந்தால், பந்தல் போடும் முன்பே குடியிருப்போர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

மழை விட்டதும் அடுத்த விருந்தாளி அசுவினி. பூங்காம்பில் மை அப்பியதுபோல் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிப் பார்க்கலாம். போகவில்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு தென்பட்டால் கொஞ்சம் பொறுக்கலாம். அசுவினியைத் தின்று தீர்க்க வந்த ஆள் அது.

முதல் அறுவடை

மார்கழியில் பனி விழும் காலையில் பிஞ்சுகள் தெரியும். முதல் பறிப்பு ஒரு கைப்பிடிதான். வீட்டில் நாலு பேர் என்றால் ஒரு பொரியலுக்குக்கூடப் போதாது. சாம்பாரில் போட்டுவிட்டு, “இது நம்ம மாடிக் காய்” என்று தட்டில் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பிஞ்சாகப் பறித்துக்கொண்டே இருந்தால் கொடி மேலும் பூக்கும். முற்றவிட்டால் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஐந்து மாத உழைப்பு, தண்ணீர், பை, கயிறு எல்லாவற்றையும் கணக்குப் போட்டால் கடையில் வாங்குவது மலிவு. முதல் வருஷக் கணக்கில் லாபம் தேடக் கூடாது. தன் மாடியில் விழும் வெயில் எவ்வளவு, குழாயில் வருவது எந்தத் தண்ணீர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அந்த வருஷத்து வரவு. வேறு ஊர்களிலிருந்து வேலைக்காக வந்து, பூட்டிய ஜன்னலுக்குள் ஓ.எம்.ஆர். வாழ்க்கை வாழ்கிறவர்களுக்கு, இது எந்த மண் என்று சொல்லித்தருகிற முதல் பாடமாகவும் அது இருக்கிறது.

தையில் பொங்கல். பூசணி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, மொச்சை எல்லாம் போட்டு வைக்கும் அன்றைய குழம்பில் அவரைக்கும் கட்டாயம் இடம் உண்டு. மொச்சையும் அவரையும் ஒரே இனத்தின் இரு வகைகள்தான். பகல் குறுகி, மழை பெய்து, பனி விழுந்த பிறகு காய்ப்பவை என்பதால்தான் அறுவடைத் திருநாள் குழம்பில் அவை சேர்ந்து நிற்கின்றன.

பறிக்கும் அவசரத்தில் எல்லாக் காயையும் பறித்துவிடக் கூடாது. தொட்டியில் உப்பு ஏறியும் தாக்குப்பிடித்த கொடி எது என்று பார்த்து, அதில் நாலைந்து காய்களைக் கொடியிலேயே காயவிட வேண்டும். மாசியில் உரித்து, சாம்பலில் புரட்டி, ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தால் அடுத்த ஆடிக்கு விதை தயார். அந்த நாட்களில் கோவளம் சாலைப் பக்கம் போனால், தொழிலாளர்கள் மறுபடி பாத்தி மிதித்து, வரப்பு கட்டிக்கொண்டிருப்பார்கள். மழை வடிந்த உப்பளத்தில் அடுத்த வருஷத்து உப்புக்கான வேலை தொடங்கியிருக்கும்.